ஆறா, பதினொன்றா?

கொச்சியில் தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும் வழியில் சுள்ளிக்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டி, இதில் எத்தனை எழுத்து என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், சு, ள், ளி, க், க, ல் என்று விரலை மடக்கி ஆறு என்று சொல்லிவிடும். பைத்தான் மொழியைக் கேட்டால் 11 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் அதையேதான் சொல்கிறது. சி மொழியில் எழுதிய பழைய நிரல் ஒன்றிடம் கொடுத்தால் 33 என்று வரும்.

கணக்குப் பிசகி வந்த விடைகள் அல்ல இவை. ஒவ்வொன்றும் எண்ணுகிற பொருள் வேறு. யூனிகோட் தரத்தில் தமிழின் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடையாது. அகரமேறிய எழுத்துக்கு ஓர் எண், அதில் ஒட்டும் குறிக்கு இன்னோர் எண். 'சு' என்பது சகரமும் உகரக் குறியும். 'ள்' என்பது ளகரமும் புள்ளியும். சுள்ளிக்கல்லில் இப்படி ஐந்து ஜோடிகள் இருக்கின்றன. 'க' மட்டும் துணையில்லாமல் நிற்கிறது. ஆக 11 குறியெண்கள். யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட் இடம் பிடிப்பதால் மொத்தம் 33 பைட்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் கிடைக்கிறது. தமிழோ மலையாளமோ ஓர் எழுத்து கலந்தாலும் அது 70 ஆகக் குறைந்துவிடும். அந்த எழுபதில் பதினொன்றை இந்த ஊர்ப்பெயரே எடுத்துக்கொள்ளும். முகவரிப் படிவத்தில் ஊருக்குப் பத்து இடம் போதும் என்று எங்கோ ஒருவர் வைத்துவிட்டால், கடைசிப் புள்ளி உதிர்ந்து 'சுள்ளிக்கல' என்று அச்சாகும். ஏழு இடம் என்று வைத்தால் 'சுள்ளிக'. கூரியர் பையன் அதைப் படித்து எந்தத் தெருவில் போய் நிற்பான்?

அந்த மென்பொருளை எழுதுபவர் காக்கநாடு இன்ஃபோபார்க்கில் இருக்கலாம், போலந்தில் இருக்கலாம். தமிழ் தெரியாதவராகவே இருந்தாலும் அவர் நிரல் பிழையில்லாமல் ஓடும். திரையில் ஏதோ வளைவுகள் தெரியும். புள்ளி இருக்கிறதா, உதிர்ந்ததா என்று அவர் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததை அவருக்கும், அவருக்குப் பின்னால் அந்த நிரலில் கை வைக்கப்போகிறவர்களுக்கும் எப்படிச் சொல்லி வைப்பது? மின்னஞ்சலில் சொன்னால் மறந்துபோகும். கையேட்டில் எழுதினால் படிக்க ஆளிருக்காது. நிரலின் பக்கத்திலேயே, நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும்படி, இப்படி ஒரு வரி எழுதி வைக்கலாம்:

எழுத்தெண்ணிக்கை("சுள்ளிக்கல்") என்று கேட்டால் விடை 6 ஆக இருக்க வேண்டும்.

யூனிட் டெஸ்ட் என்பதன் சாரம் இவ்வளவுதான். தமிழில் அலகுச் சோதனை என்கிறோம். நிரலின் சிறு துண்டு ஒன்றை, பெரும்பாலும் ஒரே ஒரு ஃபங்ஷனை, மற்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கிறோம். அதற்குத் தெரிந்த உள்ளீட்டைக் கொடுக்கிறோம். வந்த விடையை, வர வேண்டிய விடையோடு ஒப்பிடுகிறோம். ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

மட்டாஞ்சேரி யூதத் தெருப் பக்கம் மிளகு வணிகம் நடந்த விதத்தை அறிந்தவர்களுக்கு, துண்டு துண்டாக ஏன் சோதிக்க வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. மிளகை ஒரு லிட்டர் அளவையில் நிரப்பி எடை பார்ப்பார்கள். லிட்டர் வெயிட் என்பார்கள். உள்ளே பருப்பில்லாத மிளகு எடை குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு சரக்கையும் தனியாக இருக்கும்போதே இப்படிப் பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிய பிறகு குவியல் எடை குறைகிறது என்பது தெரியும். எந்த மூட்டையால் குறைகிறது என்பது தெரியாது. லட்சம் வரி மென்பொருளில் முகவரி தப்பாக அச்சாகிறது என்று புகார் வந்தால், தவறு படிவத்திலா, தரவுத்தளத்திலா, அச்சு நிரலிலா என்று நாள் கணக்கில் தேட வேண்டியிருக்கும். எழுத்தெண்ணும் ஃபங்ஷனுக்குச் சோதனை இருந்தால் அது மட்டும் சிவந்து நிற்கும்.

*

சோதனை எழுதுவது எளிது. நல்ல சோதனை எழுத யோசனை வேண்டும். அதற்கு இந்த வட்டாரத்து ஊர்ப்பெயர்களே பாடம் நடத்துகின்றன.

சுள்ளிக்கல் ஒன்று போதாது என்று அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொள்வோம். மட்டாஞ்சேரி: ம, ட், டா, ஞ், சே, ரி. ஆறு எழுத்து. தோப்பும்படி: தோ, ப், பு, ம், ப, டி. அதுவும் ஆறு. தெற்கே பள்ளுருத்தி: ப, ள், ளு, ரு, த், தி. ஆறு. ஆக நான்கு ஊர்கள், நான்கு சோதனைகள், நான்குக்கும் வர வேண்டிய விடை 6. பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது.

இப்போது அவசரக்கார நிரலாளர் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: குறியெண்களை எண்ணு, அதில் ஐந்தைக் கழி. சுள்ளிக்கல்லுக்குப் பதினொன்றில் ஐந்து போக ஆறு. சரி. மட்டாஞ்சேரியின் குறியெண்களை எண்ணிப் பாருங்கள், அதுவும் பதினொன்று. தோப்பும்படியும் பதினொன்று, பள்ளுருத்தியும் பதினொன்று. நான்கு பெயரிலும் துணைக்குறியில்லாத எழுத்து ஒன்றே ஒன்றுதான், மீதி ஐந்தும் ஜோடி. நான்கு சோதனையும் பச்சை. நிரலோ அபத்தத்திலும் அபத்தம்.

காயலைத் தாண்டி எர்ணாகுளம் போனால் குட்டு வெளிப்படும். எ, ர், ணா, கு, ள, ம் என்று அதுவும் ஆறெழுத்துதான். ஆனால் எகரத்துக்கும் ளகரத்துக்கும் துணைக்குறி இல்லாததால் குறியெண்கள் பத்து. ஐந்தைக் கழித்தால் ஐந்து. சிவப்பு. 'அ' என்ற ஒற்றை எழுத்தைக் கொடுத்தால் விடை கழித்தல் 4. ஒன்றுமே கொடுக்காமல் வெற்றிடத்தைக் கொடுத்தால் கழித்தல் 5. ஒரே சாயலில் நூறு சோதனை எழுதுவதைவிட, ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று சோதனை எவ்வளவோ மேல். வெற்றிடம், ஒற்றை எழுத்து, ஆய்தம், ஆங்கிலமும் தமிழும் கலந்த சொல், எண்கள். ஓரத்தில் கிடப்பவற்றைத் தேடிப் போக வேண்டும். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் கூடு கட்டுகின்றன.

நம் சோதனைகள் இப்படி ஏமாறுகின்றனவா என்று சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. டெமில்லோ, லிப்டன், சேவர்ட் என்ற மூவர் 1978இல் எழுதிய கட்டுரையில் அதை முன்வைத்தார்கள். சரியாக ஓடும் நிரலில் வேண்டுமென்றே ஒரு சிறு தவறைப் புகுத்துவது: கூட்டல் இருக்கும் இடத்தில் கழித்தல், 'பெரிது' இருக்கும் இடத்தில் 'சிறிது'. பிறகு சோதனைகளை ஓட்டுவது. ஏதாவது ஒன்றாவது சிவந்தால் நல்லது. எல்லாம் பச்சையாகவே இருந்தால், நிரலின் அந்த இடத்தை எந்தச் சோதனையும் காவல் காக்கவில்லை என்று பொருள். நிறுவனங்களில் 'கவரேஜ்' என்று ஒரு சதவீதத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். சோதனைகள் ஓடும்போது நிரலின் எத்தனை வரிகள் இயங்கின என்ற கணக்கு அது. வரி இயங்கியது என்பதற்கும் வரி சரியாக இயங்கியது என்பதற்கும் உள்ள தூரத்தை அந்தச் சதவீதம் சொல்லாது. ஐந்தைக் கழிக்கும் நம் நிரலுக்கு நான்கு ஊர்ச் சோதனையிலேயே நூறு சதவீதம் கவரேஜ் கிடைத்துவிடும்.

சரியான நிரலும் கடினமில்லை. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு மற்ற குறியெண்களை மட்டும் எண்ணினால் போதும். மேலே சொன்ன பெயர்கள் அத்தனையும் தேறும். அப்புறம் 'லக்ஷ்மி' வருகிறாள். ல, க்ஷ், மி என்று மூன்றா? ல, க், ஷ், மி என்று நான்கா? நிரல் நான்கு என்கிறது. 'ஸ்ரீ' ஓர் எழுத்தா, இரண்டா? 'கௌதமன்' என்பதில் நான்கு எழுத்து. அதையே பலர் ககரம், எகரக் குறி, ளகரம் என்று தனித்தனியாகத் தட்டி 'கெளதமன்' ஆக்குகிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும், எண்ணினால் ஐந்து. இங்கே நிரலாளர் எழுந்துபோய்த் தமிழ் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். விடையை ஒரு மனிதர் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு சோதனையாக எழுதப்பட்டுவிட்டால், அடுத்து வருபவர் அதே சந்தேகத்தோடு மறுபடி அலைய வேண்டாம்.

எழுத்தெண்ணும் இந்த ஃபங்ஷன் நான் கற்பனையாகச் சொல்வது அல்ல. முத்து அண்ணாமலை தொடங்கி, தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' என்ற திறந்த மூலத் தொகுப்பு பைத்தானில் இந்த வேலையைத்தான் செய்கிறது: தமிழ்ச் சொல்லைக் குறியெண்களாக அல்லாமல் எழுத்துகளாகப் பிரித்துத் தருவது, எண்ணுவது, அகரவரிசையில் அடுக்குவது. தமிழில் நிரல் எழுதுவதற்கான 'எழில்' மொழியை உருவாக்கியவரும் அவரே. அந்தத் தொகுப்பில் நிரல்களுக்கு ஈடாகச் சோதனைகளுக்கும் தனி அடைவு வைத்திருக்கிறார்கள். தொகுப்பைப் பயன்படுத்த நினைப்பவருக்கு நான் சொல்வது, முதலில் அந்த அடைவைத் திறந்து படியுங்கள் என்பதுதான். எந்த ஃபங்ஷனுக்கு எதைக் கொடுத்தால் எது வரும் என்பதற்கு அதைவிட நம்பகமான விளக்கம் கிடையாது. விளக்கக் கையேடு பழசாகிப் பொய் சொல்லலாம். ஓடிக்கொண்டிருக்கும் சோதனை பழசானால் சிவந்துவிடும்.

*

நிரலைச் சோதிப்பது கணினி பிறந்த நாளிலிருந்தே உண்டு. ஆனால் நிரலாளரே, நிரல் எழுதும்போதே, அதே மொழியில் சிறு சிறு சோதனைகளை எழுதி ஆயிரம் முறை இலவசமாக ஓட்டும் பழக்கம் பரவியது 1990களில். அமெரிக்க நிரலாளர் கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்காக இப்படி ஒரு சிறு கருவியை உருவாக்கி, 1994இல் அதைப்பற்றி எழுதினார். 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் அவரும் எரிக் காமா என்ற நிரலாளரும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்து அதையே ஜாவாவுக்கு எழுதினார்கள். ஜேயூனிட் பிறந்தது அப்படித்தான். பச்சைப் பட்டை, சிவப்புப் பட்டை என்ற பேச்சும் அதோடு பரவியது. 2001இல் வந்த பைத்தான் 2.1 பதிப்பிலிருந்து இதே வகைக் கருவி பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. தனியாக வாங்க வேண்டியதும் இல்லை, நிறுவ வேண்டியதும் இல்லை.

ஜேயூனிட் பிறந்ததற்கு முந்திய வருஷம், 1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பி 40 விநாடிக்குள் பாதை திரும்பி வெடித்துச் சிதறியது. உள்ளே நான்கு அறிவியல் செயற்கைக்கோள்கள் இருந்தன. காரணம் ஒரே ஓர் எண் மாற்றம். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் எண்ணாகச் சுருக்கும் இடம் அது. 16 பிட்டில் 32,767க்கு மேல் கொள்ளாது. ஏரியன்-4 ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர வாய்ப்பே இல்லை. அதற்காக எழுதிச் சரிபார்த்த நிரலை அப்படியே ஏரியன்-5இல் வைத்தார்கள். புதிய ராக்கெட் அதிக வேகம். எண் நிரம்பி வழிந்தது, வழிகாட்டும் கணினி நின்றது, அதேபோல எழுதப்பட்ட மாற்றுக் கணினியும் நின்றது.

இதைப் படிக்கும்போது எனக்கு வலிப்பது ஒன்று. விசாரணைக் குழு கண்டபடி, அப்படி வழியக்கூடிய ஏழு எண்களை எழுதியவர்கள் முன்பே இனம் கண்டிருந்தார்கள். கணினியின் சுமையைக் குறைக்க நான்குக்கு மட்டும் பாதுகாப்பு வைத்து, மூன்றை விட்டுவைத்தார்கள். ஏரியன்-4இல் அது காரணத்தோடு எடுத்த முடிவு. அந்தக் காரணம் காகிதத்தில் எங்கோ இருந்தது. நிரலோடு சேர்ந்து பயணம் செய்யவில்லை. ஏரியன்-5இன் பாதைக்குரிய எண்களைக் கொடுத்து அந்தத் துண்டை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. 32,768 என்ற எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கும் ஒற்றைச் சோதனை அந்த நிரலோடு ஒட்டியே வந்திருந்தால், தரையில் மேசை மேலேயே கேள்வி எழுந்திருக்கும்.

சோதனையின் பெரிய பயன் இன்றைய பிழையைப் பிடிப்பதைவிட, நேற்றைய ஒருவர் அறிந்ததை நாளைய ஒருவர் அறியாமல் மிதித்துவிடாமல் தடுப்பது என்று நான் நினைக்கிறேன். நிரலை எழுதுபவர் வேலை மாறிப் போய்விடுவார். ஓராண்டு கழித்துப் புதிதாகச் சேர்ந்த பெண் அந்த எழுத்தெண்ணும் ஃபங்ஷனைப் பார்க்கிறாள். இவ்வளவு சுற்றி வளைத்து எழுத வேண்டுமா, பைத்தானிலேயே நீளம் சொல்லும் வசதி இருக்கிறதே என்று ஒரே வரியில் மாற்றி எழுதுகிறாள். அவள் செய்தது தவறில்லை. ஆங்கிலத்துக்கு அதுவே அழகான நிரல். சேமித்த மறு விநாடி பட்டை சிவக்கிறது: 'சுள்ளிக்கல்' என்பதற்கு 6 வர வேண்டும், 11 வந்திருக்கிறது. யாரையும் கேட்காமல், யாரிடமும் திட்டு வாங்காமல் அவள் ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள். சோதனை இல்லாத இடத்தில் அந்த மாற்றம் வாடிக்கையாளர் வீட்டுக் கதவு வரை போயிருக்கும். இன்னொன்றும் உண்டு: சோதனை இல்லாத நிரலில் கை வைக்கவே அவள் பயந்திருப்பாள். பயத்தால் யாரும் தொடாமல் விட்ட நிரல்தான் நாளடைவில் பாழாகிறது.

*

நாம் எதையும் தொடாவிட்டாலும் உலகம் நகர்ந்துவிடும். இந்த ஊர்ப்பெயரையே மலையாளத்தில் எழுதினால், ஈற்றில் வருவது 'ல்' என்பதற்கான சில்லு எழுத்து. மலையாளத்தில் சில்லுக்குத் தனி வடிவம் உண்டு. 2008 ஏப்ரலில் யூனிகோட் 5.1 வரும்வரை அதற்குத் தனி எண் இல்லை. லகரம், விராமக் குறி, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். பிறகு ஒரே எண்ணாகக் கொடுத்தார்கள். ஒரே எழுத்துக்கு இரண்டு குறியேற்றம் வருமே என்று சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பினர் அப்போதே எதிர்த்து வாதாடினார்கள். பழைய முறையில் மலையாளச் சுள்ளிக்கல்லுக்கு 12 குறியெண்கள், புதிய முறையில் 10. திரையில் இரண்டும் ஒரே தோற்றம். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஊர். 2007இல் பதிவான முகவரியை இன்றைய விசைப்பலகையால் தேடினால், அதற்கென்று நிரல் எழுதாதவரை, கிடைக்காது.

தமிழிலும் 'கொச்சி' இப்படித்தான். ஒகரக் குறியை ஒரே எண்ணாகத் தட்டினால் 6 குறியெண்கள். கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினால் 7. நல்லவேளையாக இவை இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோட் தரமே அறிவித்திருக்கிறது. ஒருமைப்படுத்தும் வசதியை அழைத்துவிட்டால் சமமாகிவிடும். சில்லுக்கு அந்த அறிவிப்பு இல்லை. நிரலாளரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக இரண்டு சோதனைகள் வேண்டும்: இரண்டு கொச்சியும் சமம், இரண்டு மலையாளச் சுள்ளிக்கல்லும் சமம்.

2023 செப்டம்பரில் யூனிகோட் 15.1 வந்தபோது நடந்தது இன்னும் சுவையானது. வாசகர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது எது என்று பிரிக்கும் விதியை அவர்கள் திருத்தினார்கள். இந்தி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளின் எழுத்துமுறைகளில் கூட்டெழுத்துகளை இனி உடைக்கக் கூடாது. தமிழை அந்த மாற்றம் தொடவில்லை. நமக்குப் புள்ளி இருக்கும்போது கூட்டெழுத்துக்குத் தேவை ஏது? விளைவு என்னவென்றால், பழைய விதியில் மலையாளச் சுள்ளிக்கல்லுக்கு ஆறு எழுத்து. புதிய விதியில் 'ள்ளி' ஒன்று, 'க்க' ஒன்று என நான்கு. ஒரு நிறுவனம் தன் நிரலில் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், யூனிகோட் நூலகத்தை மட்டும் புதிய பதிப்புக்கு ஏற்றினால் விடை 6இலிருந்து 4க்கு இறங்கும். சோதனை இருந்தால் அன்றைக்கே சிவக்கும். அதைப் பிழை என்று சொல்ல முடியாது. மலையாளி ஒருவர் படிக்கும் விதத்துக்கு நான்குதான் நெருக்கம். ஆனால் அந்த எண்ணை நம்பிப் பெயர்ப்பலகையின் அகலத்தைக் கணக்கிடும் இன்னொரு நிரல் இருந்தால் அதை எழுதியவருக்குத் தகவல் போக வேண்டும்.

இந்திய எழுத்துகளைச் சோதிக்காமல் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2018 பிப்ரவரியில் உலகமே பார்த்தது. தெலுங்கின் ஒரு கூட்டெழுத்து, ஜகரமும் ஞகரமும் ஒட்டி, இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறியும் பின்னால் ஆகாரக் குறியும் வரும் சரம், ஐஃபோனுக்கு வந்தால் போதும். அதைத் திரையில் வரைய முயலும் செயலி செத்து விழுந்தது. மறுபடி திறந்தால் மறுபடி அதே செய்தி, மறுபடி சாவு. பிப்ரவரி 19ஆம் தேதி ஐஓஎஸ் 11.2.6 வந்துதான் சரியானது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கோடிக்கணக்கானோர் எழுதும் மொழியின் எழுத்து அது.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றிலும் நம் எழுத்துகளை வடிவமைத்துக் கொடுப்பது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். அதை உருவாக்கிய பெஹ்தாத் எஸ்ஃபாபோத் ஈரானில் பிறந்தவர். தமிழ், மலையாளம், வங்காளம் என ஒவ்வொரு மொழிக்கும் பெரிய சொற்பட்டியலைத் திரட்டி, தன் நிரல் வடித்த வடிவத்தை மைக்ரோசாஃப்ட்டின் நிரல் வடித்த வடிவத்தோடு சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பார்த்தார். தமிழில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒத்துப்போகாதவற்றை ஒவ்வொன்றாகத் துருவி எது சரி என்று கண்டுபிடித்து, அந்தச் சொற்களைச் சோதனைகளாக நூலகத்தோடு சேர்த்தார். இன்று நீங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில் தமிழ் படிக்கும்போது கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்பதற்கு அந்தப் பொறுமை ஒரு காரணம்.

*

இவ்வளவுக்கும் விலை உண்டு. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை அளந்தது. நாச்சியப்பன் நாகப்பன், திருமலேஷ் பட், மைக்கேல் மாக்சிமிலியன், லாரி வில்லியம்ஸ் ஆகியோர் செய்தது. ஐபிஎம்மின் ஒரு குழு, மைக்ரோசாஃப்ட்டின் மூன்று குழுக்கள். முதலில் சோதனை, பிறகு நிரல் என்ற முறையில் இவர்கள் வேலை செய்தார்கள். அப்படிச் செய்யாத ஒத்த குழுக்களோடு ஒப்பிட்டால், வெளியீட்டுக்கு முன் கண்ட குறைகளின் அடர்த்தி 40 முதல் 90 சதவீதம் வரை குறைவாக இருந்தது. தொடக்கத்தில் கூடுதலாகப் பிடித்த நேரம் மேலாளர்களின் மதிப்பீட்டில் 15 முதல் 35 சதவீதம். நான்கு குழுக்களை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனாலும் 'சோதனை எழுத நேரமில்லை' என்று சொல்லும் எந்தத் திட்ட மேலாளருக்கும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். உங்கள் கைபேசிக்குள் ஓசையில்லாமல் ஓடும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில், சோதனைக்கான நிரல் அசல் நிரலைப்போல் சுமார் 590 மடங்கு. அதை எழுதியவர்களுக்கு நேரம் மிஞ்சிக் கிடந்ததால் எழுதவில்லை. உலகின் கோடானுகோடிக் கருவிகளில் ஓடுவதைத் தெருத்தெருவாகப் போய்த் திருத்த முடியாது என்பதால் எழுதினார்கள்.

எல்லையும் உண்டு. சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே தவிர, இல்லை என்று நிரூபிக்க முடியாது. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா இதைச் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. துண்டுகள் தனித்தனியே தேறினாலும் கூடும் இடத்தில் தவறலாம். 1999 செப்டம்பர் 23 அன்று நாசா இழந்த செவ்வாய்க் காலநிலை விண்கலத்தில், தரையில் ஓடிய ஒரு நிரல் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது, வாங்கிக்கொண்ட நிரல் நியூட்டன் என்று நினைத்தது. கிட்டத்தட்ட நாலரை மடங்கு வித்தியாசம். இரண்டு நிரலும் தன்னளவில் கூட்டலும் பெருக்கலும் சரியாகச் செய்தவைதான். அதனால்தான் யூனிட் டெஸ்டுக்கு மேல், துண்டுகளை இணைத்துப் பார்க்கும் சோதனையும், கடைசியாக ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டிப் பார்க்கும் சோதனையும் தேவைப்படுகின்றன.

மோசமான சோதனை, சோதனையே இல்லாததைவிடக் கெடுதல். இணையத்தையோ இன்றைய தேதியையோ நம்பி எழுதிய சோதனை சில நாள் பச்சையாகவும் சில நாள் சிவப்பாகவும் இருக்கும். குழுவினர் சிவப்பைக் கண்டும் காணாமல் போகப் பழகிவிடுவார்கள். பிறகு உண்மையான சிவப்பும் கவனம் பெறாது. இன்னொரு வகை, நிரலை ஓட்டி, அது கொடுத்த 11ஐ எடுத்து, வர வேண்டிய விடை 11 என்று எழுதிவிடுவது. வர வேண்டிய விடை நிரலுக்கு வெளியிலிருந்து வர வேண்டும்: இலக்கணத்திலிருந்து, சட்டத்திலிருந்து, இயற்பியலிலிருந்து, அந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து.

சோதனையே இல்லாமல் பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கையில் வாங்கியவர் எங்கே தொடங்குவது? 2004இல் மைக்கேல் ஃபெதர்ஸ் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். சோதனை இல்லாத நிரல் எதுவானாலும், நேற்று எழுதியதாகவே இருந்தாலும், அதைப் பழைய நிரல் என்றே வகைப்படுத்துகிறார் அவர். எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் சோதனை எழுத உட்கார வேண்டாம், நடக்காது. அடுத்த புகார் வரும்வரை காத்திருங்கள். 'லக்ஷ்மி என்ற பெயர் ரசீதில் பாதியில் வெட்டுப்படுகிறது' என்று புகார் வருகிறது. உடனே நிரலைத் திருத்தப் போகாமல், அந்தப் பெயரையே உள்ளீடாக வைத்து ஒரு சோதனை எழுதுங்கள். அது சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் பிழை வேறெங்கோ இருக்கிறது, தேடும் இடம் தப்பு. சிவந்த பிறகு நிரலைத் திருத்துங்கள். பச்சையானதும் திருத்தத்தையும் சோதனையையும் ஒன்றாகச் சேமித்து, சோதனையின் தலைப்பில் எந்தப் புகாரால் இது வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த புகாருக்கும் இதையே செய்யுங்கள்.